கழுவி வைத்த வீட்டில் ஓர் உண்ணி

உண்ணி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால், கேட்பவர் முதலில் தம் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்கிறார். விலங்கியலில் பட்டம் வாங்கிய பெண்ணுக்குக் கிடைத்த உத்தியோகம் இது. ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை மாடோ குதிரையோ நாயோ, அதன் காதில் ஒட்டியிருக்கும் உண்ணியைப் பிடித்துவந்து, அதனுள் என்ன காய்ச்சல் குடியிருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். உண்ணிகூடப் பரவாயில்லை. முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நின்று, "உங்கள் மாட்டுக்கு உண்ணி இருக்கிறதா?" என்று கேட்க வேண்டுமே, அதுதான் கஷ்டம். நாலு பேர் எதிரில் வாய் திறக்க நடுங்கும் சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டிராமில்

உண்ணியை உயிரோடு கொண்டுவர வேண்டும். சீசாவைத் தக்கையால் மூடினால் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்பதால் வாயில் மல்துணியைக் கட்டுவோம். அந்தத் துணியில் எங்கேனும் ஓட்டை விழுந்திருக்குமோ என்று ராயபுரத்திலிருந்து வழி நெடுக அதையே பார்த்துக்கொண்டு வருவேன். ரத்தம் குடித்து உப்பிய உண்ணி பார்வைக்கு ஆமணக்கங்கொட்டை போலவே இருக்கும். ஒரு நாள், காலிக் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்த மீன்காரி எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, ஆமணக்கா? எண்ணெ காச்சவா?" என்றாள். இல்லையென்றால் விளக்கிச் சொல்ல வேண்டும். ஆமென்று தலையாட்டிவிட்டேன். அந்தச் சமயம் பார்த்து ஒரு கொட்டை காலை நீட்டி நடக்கத் தொடங்கியது.

"அடியம்மா, கொட்டைக்குக் காலு மொளைச்சுகீது! நீ எறங்குறியா, நான் எறங்கட்டா?"

பொட்டு வைத்த மாடுகள்

கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் ஏழுமலை என்று ஒரு வண்டிக்காரர். துறைமுகத்து மூட்டைகளை ஏற்றி இறக்குவது அவர் பிழைப்பு. அவருடைய மாடு ஒன்று காய்ச்சல் கண்டு சிவப்பாக நீர் விட்டது. உண்ணி கடித்தால் வரும் நோய் அது. நான் வரப்போவதை எங்கள் ஆபீஸ் பியூன் பெருமாள் முதல் நாளே போய்ச் சொல்லி வைத்திருந்தார். அதுதான் தப்பாகப் போயிற்று.

நான் போனபோது இரண்டு மாடுகளும் தேய்த்துக் குளிப்பாட்டப்பட்டு, கொம்பில் எண்ணெய் மினுமினுக்க, நெற்றியில் குங்குமத்தோடு நின்றன. படித்த பெண் வருகிறாளே, பார்த்து என்ன நினைப்பாளோ என்று ஏழுமலையின் மனைவி கன்னியம்மா விடிந்ததிலிருந்து உட்கார்ந்து உண்ணிகளைப் பொறுக்கி அடுப்பில் போட்டிருந்தாள். காலிச் சீசாவோடு நான் விழித்தேன். மாட்டுக்கு மருந்தூசி போட்டாயிற்று, அது பிழைத்தும்விட்டது. ஆனால் அடுத்த முறை கழுவாமல் வைத்திருங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பெருமாள்தான் சொன்னார். கன்னியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எம் மாடு கலீஜா இருந்தாத்தான் உங்களுக்குப் புடிக்குமா? நல்லாகீது சர்க்காரு வேலை!"

காலையில் வரும் வண்டி

சில மாதம் கழித்து அதே கன்னியம்மா எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். இந்தத் தடவை காய்ச்சல் ஏழுமலைக்கு. உடம்பு கொதிக்கிறது, மணிக்கட்டிலும் உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளிகள். சுகாதார அதிகாரி வந்து பார்த்து, ஒட்டுவாரொட்டியாக இருக்கலாம், காலையில் வண்டி அனுப்பிக் காய்ச்சல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவோம் என்று சொல்லிவிட்டாராம். அந்த வண்டியில் ஏறிப் போனவர் திரும்பி வந்து அந்தச் சந்தில் யாரும் பார்த்ததில்லை.

எங்கள் ஆபீஸ் டாக்டர் மாட்டு டாக்டர்தான். ஆனாலும் மனிதரை உண்ணி கடித்து வரும் காய்ச்சலைப் பற்றி நன்றாகப் படித்தவர். "பேன் பரப்புகிற காய்ச்சலிலும் இதே புள்ளி, உண்ணிக் காய்ச்சலிலும் இதே புள்ளி. முன்னது தெருவையே பிடிக்கும். பின்னது பக்கத்தில் படுத்தவருக்குக்கூட ஒட்டாது. ரத்தப் பரிசோதனை முடிய நாளாகும். நீ போய்க் கடிவாய் இருக்கிறதா பார். அங்கே ஓர் உண்ணியும் கிடைத்தால் அதிகாரியிடம் நான் பேசுகிறேன்" என்றார். சீசாவை எடுத்துக்கொண்டே, வீட்டில் எதையும் கழுவிவிடவில்லையே என்று கன்னியம்மாவைக் கேட்டேன்.

"கழுவாம? சொவரு, மாடு, நாயி, அவரு, அல்லாத்தையும் தேச்சுக் கழுவிட்டுத்தானேம்மா வந்துகீறேன்!"

சாக்கு

உண்மைதான். தரை மெழுகியிருந்தது. சுவர் விரிசல்களில் புதுச் சுண்ணாம்பு. நாயின் காதிலும் கால்விரல் இடுக்கிலும் தேடினேன். மண்ணெண்ணெய் வாடைதான் வந்தது. வெளிச்சம் வேறு மங்கிக்கொண்டிருந்தது.

இனிக் கடிவாயைப் பார்க்க வேண்டும். அந்நிய ஆண்பிள்ளையின் உடம்பு. பெருமாள் கூட இருந்தார், ஆனால் கடிவாய் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, பிறகு பார்த்தேன். அரைஞாண் கயிற்றுக்கு அடியில் கருகினாற்போல ஒரு பொருக்கு. கயிறு உராய்ந்த புண் என்று அவர்கள் விட்டிருந்தார்கள். கடிவாய் இருந்தது, கடித்ததுதான் இல்லை. "மூட்டைக்குக் காத்திருக்கும்போது எங்கே படுப்பீர்கள்?" என்று கேட்டேன். "வண்டியிலதான், சாக்குமேல. நாயும் ஏறிப் படுத்துக்கும்" என்று ஏழுமலை முனகினார்.

வண்டி சந்தின் கோடியில் நின்றது. அதைக் கன்னியம்மா தொடுவதே இல்லை. வெள்ளிக்கிழமை பூசைக்கு ஏழுமலைதான் கழுவுவார், காய்ச்சலில் விழுந்த பிறகு கழுவவில்லை. சாக்கின் தையலைப் பிரித்தேன். தட்டையாய், பழுப்பாய், உயிரோடு ஒன்று. "உண்ணி! உண்ணி கிடைத்துவிட்டது!" என்று கத்திவிட்டேன். தெருவில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. கன்னியம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

"மெதுவாம்மா! எங்க வண்டியில உண்ணி கீதுன்னு தெருவே கேக்குது, மானம் போவுது!"

தீப்பெட்டி

மறுநாள் காலை அதிகாரி கடிவாயையும் சீசாவையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டரோடு வெகுநேரம் பேசினார். ஆஸ்பத்திரி வண்டி வெறுமனே திரும்பியது. ஆனால் சந்தில் இன்னொருவருக்குக் காய்ச்சல் கண்டால் மறுபேச்சில்லாமல் எடுத்துப் போவோம் என்று எச்சரித்துவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் யாராவது போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் காய்ச்சலா என்று பெருமாளை விட்டு விசாரிப்பேன். வீட்டில், விளக்கருகே என் மணிக்கட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வேன். யாருக்கும் வரவில்லை. ஏழுமலை பாதி ஆளாக எழுந்து மறுபடி வண்டி பூட்டினார்.

ஒரு நாள் கன்னியம்மா வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு தீப்பெட்டியை என் மேஜைமேல் வைத்தாள். உள்ளே உண்ணிகள். பெட்டி பாதி திறந்திருந்தது. எத்தனை போட்டாளோ, எத்தனை மிச்சமோ என்று என் புடவை மடிப்புகளை உதறத் தொடங்கினேன். அவளுக்கோ வேறு கவலை.

"அல்லாம் பக்கத்து வூட்டு நாயிதும்மா, எங்க வூட்டுதுன்னு எழுதிப்புடாதே!"

சுத்தமான வீட்டைக் கண்டால் முகம் வாடிப்போகிற உத்தியோகம் இந்தப் பட்டணத்திலேயே என்னுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.