வடை வகுப்பு எடுத்த சேவிகாம்மா

எங்கள் மானாம்பதிக்கு மாதர் சங்க வகுப்பு எடுக்க ஒரு கிராம சேவிகா வருவார்; எங்களுக்குச் சேவிகாம்மா. வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, சிரித்தால் தெற்றுப்பல். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக என் வடைக் கடைக்குத்தான் வருவார். உட்காரும் முன்பே, வரப்போகும் வகுப்புகளை விரல் மடக்கிச் சொல்வார்: "செவ்வாக்கெழம சோப்பு, அதுக்கடுத்து தையல், அப்பால தேனீ." எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் அவர் சொன்னதை ஊரெல்லாம் நான்தான் சொல்லி வருவேன். அதில் அவ்வளவு குஷி எனக்கு!

ஒருநாள் வடையைக் கடித்தபடி, "எப்படிக்கா இவ்ளோ மொறுமொறுப்பு?" என்றார். காராமணியோடு ஊறின பச்சரிசியும் ஒரு பிடி அரைப்பேன் என்று, பெற்ற மகளிடம்கூடச் சொல்லாததைச் சொன்னேன்.

அடுத்த வகுப்பு சிறுதொழில் என்றார். கடையை மூடிவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் சொல்லிக்கொடுத்தது காராமணி வடை, அந்தப் பச்சரிசியோடு! என் பேரைச் சொல்லவே இல்லை.

"இன்னாம்மா இது? அது என் பொயப்பாச்சே!"

"சங்கம்னா எல்லாருக்கும் பொதுதானேக்கா. நாலு பொம்பளைங்க பொழைக்கட்டுமே."

சீக்கிரமே பஸ் நிற்கும் இடத்தில் இன்னும் இரண்டு வடைக் கடைகள் முளைத்தன.

மறுபடி வந்தவர், அந்த இரண்டையும் தாண்டி என் கடைக்கே வந்தார். "அடுத்தது ஊறுகாய் வகுப்புக்கா. மாங்காய்க்கு நீங்க இன்னா போடுவீங்க?" என்று சிரித்தார்.

அடுப்பில் தண்ணீரை ஊற்றினேன். புகையில் இருமிக்கொண்டே பதிலுக்குக் காத்திருந்தார். தான் செய்தது துரோகம் என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லையா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.