கண்ணைச் சுற்றி நீலம்

சுகுமாறனுக்கும் அவர் மனைவி வாணிக்கும் ஒரே பைனாகுலர்தான். ஞாயிறுதோறும் விடியலில் பண்டமாரானிலிருந்து கிளம்பி, செமினிக்கு அப்பாலுள்ள காட்டுக்குப் பறவை பார்க்கப் போவார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்ந்த மனிதருக்கு வேறென்ன வேலை? அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு: ரெண்டு பேரும் பார்த்தால்தான் பார்த்த மாதிரி.

ஒருநாள் வாணி பைனாகுலரை இறக்காமலே கிசுகிசுத்தாள். "என்னங்க, கெசும்பா. வயிறெல்லாம் சிவப்பு. கண்ணைச் சுத்தி நீலம்."

மலாய்க்காரர்கள் கெசும்பா என்று சொல்லும் அந்தக் காட்டுப்பறவைக்காக இருவரும் வருஷக்கணக்கில் அலைந்திருந்தார்கள். அவர் வாங்கிப் பார்ப்பதற்குள் கிளை காலி. வயிற்றெரிச்சலில் மனிதர் சும்மா இருந்தாரா? "கண்ணுக்கு நீல மை போட்டுக்கிட்டு கல்யாணத்துக்கா போவுது? காட்டுக்கோழியப் பார்த்திருப்ப லா" என்றார். வீடு வரும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வாணி அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

சொன்ன கேலியைத் திரும்ப வாங்க முடியவில்லையே என்பதுதான் அவரை அரித்தது. அவள் பார்த்தது நிஜமா என்று தெரிந்தாக வேண்டும். தனியாகவே போனார். கெசும்பா முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் உட்காரும். பழுப்பு முதுகு காய்ந்த இலையோடு இலையாகிவிடும். வாராவாரம் அட்டைக்கு ரத்தம் கொடுத்ததுதான் மிச்சம்.

இன்று காலை ஒரு காய்ந்த இலை தலையைத் திருப்பியது. பைனாகுலரைத் தூக்கினார். கறுப்புத் தலை. ரத்தச் சிவப்பாக வயிறு. கண்ணைச் சுற்றி, மை தீட்டினாற்போல் நீலம்.

பழக்கதோஷம், பைனாகுலரை உடனே இடப்பக்கம் நீட்டினார். வாங்க ஆளில்லை. பறவையோ அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு இப்படி உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

காட்டுப் பாதை முடியும் இடத்தில் நாசி லெமாக் சோறு விற்கும் அக்காவிடம் வாணி இறந்துபோனதை அவர் இன்னும் சொல்லவில்லை.

"என்ன அங்கிள், கண்ணு செவந்திருக்கு?"

"கெசும்பா பார்த்தேன் லா."

"அடடா, ஆன்டி பார்க்காம விட்டுட்டாங்களே."

"அவதான் முதல்ல பார்த்தா" என்றார் சுகுமாறன். "நான்தான் நம்பல."