பஜ்ஜி மணக்கும் லாரி

2024 ஜூலை 10, புதன்கிழமை. எழுந்ததும் வாசல் தெளித்துவிட்டு, மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பினேன். வீட்டுக்காரர் லாரியின் முன்கண்ணாடியைத் துடைத்து, டயர்களைக் கட்டையால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்னிக்குத் தாளித்து இறக்கியதும் நான் வெளியே போய் என் பங்கு வேலையைச் செய்தேன். கேனில் இருந்த பயோடீசலைத் துணியில் வடிகட்டி டேங்கில் ஊற்றுவதுதான் அது. பிறகு கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டு இட்லி எடுத்து வைத்தேன். அந்த ஒரு வாரமாக எங்கள் காலை இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

எங்களிடம் இருப்பது ஒரே லாரி, அதுவும் பழையது. அவர் ஓட்டுவார். லோடு பிடிப்பது, வண்டிக்கு என்ன எப்போது மாற்ற வேண்டும் என்று பார்ப்பது எல்லாம் நான். துணி ரோல்களைச் சாயப்பட்டறைக்குக் கொண்டு போவதும், சாயம் ஏறியதைக் பனியன் கம்பெனிகளில் துணி வெட்டும் கட்டிங் பிரிவுக்குக் கொண்டு சேர்ப்பதும்தான் தொழில்.

ஏற்றுமதி கம்பெனி ஒன்றில், அவர்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் சொன்னதால், துணி ஏற்றும் வண்டிகள் பயோடீசல் கலந்து ஓட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். ஒரு வாரம் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். பயோடீசலில், ஒரு நாளும் தாமதமில்லாமல் ஓடினால் வருடம் முழுக்க லோடு எங்களுக்கு. இல்லாவிட்டால் பத்துப் பதினைந்து வண்டி வைத்திருப்பவர்களுக்குப் போய்விடும். ஒற்றை லாரிக்காரர்களுக்கு இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வராது. புதன்கிழமைதான் கடைசி நாள்.

உடுமலைப்பேட்டை போகும் வழியில், ஓட்டல்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. நாலு பங்கு டீசலுக்கு இது ஒரு பங்கு. ஓடத் தொடங்கிய முதல் நாளே புகையில் எண்ணெய்ப் பலகார வாசம் வந்துவிட்டது.

"முன்னாடி போற பைக்குக்காரன் திரும்பித் திரும்பிப் பாக்கறான் அம்மணி. சிக்னல்ல நின்னா சட்னி கேப்பானாட்ட இருக்குது" என்றார் வீட்டுக்காரர்.

ஆலைக்காரர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். "பழைய டேங்குங்களா? அடியில இருக்கற கசடையெல்லாம் கரைச்சு எடுத்துட்டு வந்துருமுங்க. கொஞ்ச நாளைக்கு ஃபில்டர மட்டும் பாத்துக்கோங்க."

நான் அன்றே புது ஃபில்டர் மாட்டச் சொல்லி, கையிருப்பாக இன்னொன்றும் வாங்கி வைத்தேன். ஆலைக்காரர் வடிகட்டச் சொல்லவில்லை. அது என் சொந்த ஏற்பாடு. வடிகட்டாத எதையும் எனக்கு ஊற்ற மனம் வராது, டீயாக இருந்தாலும் சரி.

எங்கள் ஊரில் துணிக்கா பஞ்சம்? கைப்பிடித் துணி, மேசை துடைப்பது, வண்டி துடைப்பது எல்லாமே கட்டிங் வேஸ்ட்தான். முதலில் சாதாரண பனியன் துணியில் ஊற்றிப் பார்த்தேன். சரசரவென்று இறங்கிவிட்டது. இவ்வளவு சுலபமாக இறங்கினால் என்ன வடிகட்டல் என்று தோன்றியது. மூட்டையைக் கிளறி ரோஸ் நிறத்தில் ஒரு ஃபிளீஸ் துண்டை எடுத்தேன். குளிர் நாட்டுக்குப் போகிற ஹூடி தைக்கும் கனத்த துணி; உள்பக்கம் பஞ்சு எழும்பி மெத்தென்று இருக்கும். அதில் எண்ணெய் நிதானமாக, சொட்டுச் சொட்டாக இறங்கியது. எனக்குத் திருப்தி.

புதன்கிழமை மூன்றரை மணிக்கு அவர் போனில் கூப்பிட்டார். சாயப்பட்டறையில் லோடு ஏற்றிக்கொண்டு வருகிற வழி.

"மங்கலம் ரோட்டுல பேக்கரிக்கு எதுத்தாப்பல நிக்கறன். வண்டி இழுக்கவே மாட்டேங்குது. முக்கி முக்கி வந்து நின்னு போச்சு."

"ஃபில்டருங்களா?"

"அதேதான். உன்ற பஜ்ஜி எண்ணெய் டேங்குக் கசடையெல்லாம் வழிச்சுட்டு வந்துருச்சு. அந்த இன்னொரு ஃபில்டர எடுத்துக்க. டேங்க இனி நம்ப முடியாது, வர்ற வழியில கேன்ல டீசலும் புடிச்சுட்டு வா, அம்மணி."

ஆறு மணிக்குள் ரோல்கள் கட்டிங்குக்குப் போக வேண்டும். ஸ்கூட்டரின் முன்னால் டீசல் கேனை வைத்து, எதிர்க்காற்றில் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டினேன். ஆனி மாதக் காற்று வண்டியோடு என்னையும் ஓரமாகத் தள்ளியது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் பேக்கரியில் டீயை முடித்துவிட்டு, ஸ்பேனரோடு தயாராக இருந்தார். ஃபில்டரைக் கழற்றித் திருப்பினார். கறுப்பாகக் கசடு ஒழுகும் என்று கீழே தகரம்கூட வைத்திருந்தார். கசடு வரவில்லை. விரலை விட்டுத் தோண்டினார். ரோஸ் நிறத்தில், ஈரமாக, ஒரு பஞ்சு உருண்டை வந்தது.

இருவரும் அதையே பார்த்தோம். பதினோரு வருடம் பனியன் கம்பெனியில் துணியில் குறை கண்டுபிடிக்கும் செக்கிங் வேலை பார்த்தவள் நான். அது என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"ஏம்புள்ள, வண்டிக்குக் குளுருமின்னு ஹூடி போட்டு உட்டியா?"

"சிரிக்காதீங்க. மணியாச்சு."

"நான் எங்க சிரிக்கறன்? அந்த எண்ணெயத் திட்டிட்டு இருந்தன் பாரு, அதுகிட்ட மன்னிப்புக் கேக்கோணும்."

புது ஃபில்டரை மாட்டியாகிவிட்டது; ஆனாலும் டேங்குக்குள் இன்னும் எவ்வளவு பஞ்சு மிதக்கிறதோ தெரியாது. மறுபடி நடுவழியில் நின்றால் அவ்வளவுதான். அதனால் டேங்குக் குழாயைக் கழற்றிவிட்டு, நான் கொண்டுவந்த கேனைக் கேபினுக்குப் பின்னால் கயிற்றால் கட்டி, அதற்குள் குழாயை விட்டார். கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றியதும் வண்டி கிளம்பியது. புகையில் பழைய டீசல் வாசம்.

அந்த வாசம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கேனில் இருப்பது வெறும் டீசல். கம்பெனி கேட்டது அதுவல்ல.

ஸ்கூட்டரைப் பேக்கரியில் விட்டுவிட்டு நானும் லாரியில் ஏறிக்கொண்டேன். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தோம். கம்பெனியில் இந்த பயோடீசல் வண்டிகளின் பொறுப்பைப் பார்க்கும் பெண் தூத்துக்குடிப் பக்கம். இங்கே வேலைக்கு வந்து நாலைந்து வருடம் இருக்கும். சிரித்துக்கொண்டே வந்தாள்.

"வந்திட்டியளாக்கா? ஒரு வாரமும் கரெக்ட் டைம். பயோடீசல்தான?"

வீட்டுக்காரர் டயரைப் பார்த்தார். எனக்கு ஒரு 'ஆமாங்க' போதும். வருடம் முழுக்க லோடு. ஆனால் பின்னால் பையர் பக்கமிருந்து ஆடிட் பண்ணக் கணக்குக் கேட்டு வருகிறவர்கள் முன்னால் இந்தப் பெண்தான் நிற்க வேண்டும்.

"மங்கலம் ரோட்டு வரைக்கும் பயோடீசலுங்க. அங்கிருந்து வெறும் டீசலு" என்று ஆரம்பித்து, ஃபிளீஸ் வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"யக்கா, சொல்லாம இருந்திருக்கலாம்லா. எனக்கு எப்பிடித் தெரியப்போவுது?"

"உங்களுக்குத் தெரியாதுங்க. ஆனா பதில் சொல்றது நீங்கதானுங்க."

அவள் கேபினுக்குப் பின்னால் கட்டியிருந்த கேனைப் போய்ப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அந்த ஃபிளீசு எந்தக் கம்பெனியோடது?"

"உங்களுதுதானுங்க. போன சீசன் ரோஸு."

"அந்த ரோஸா? பஞ்சு கொட்டுதுன்னு பையர் ஏகப்பட்ட கம்ப்ளெயிண்ட் அனுப்புனாங்கக்கா." அவள் சிரித்ததில் லோடு இறக்குகிறவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் முடிவைச் சிரிக்காமல்தான் சொன்னாள். இந்த வாரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. நாளை வியாழக்கிழமை முதல் மறுபடி ஒரு வாரம். பதினோரு மணிக்கு முதல் லோடு. அதற்குள் டேங்கு சுத்தமாகிவிட வேண்டும். இனிமேல் இப்படி நடந்தால் அவளாலும் எதுவும் செய்ய முடியாது.

வீடு திரும்பும்போது அவர், "வாயத் தொறக்காம இருந்திருந்தா இன்னேரம் நம்ம லோடு" என்றார்.

"நீங்க சொல்லீருக்க வேண்டியதுதானுங்களே, ஆமா பயோடீசல்தான்னு."

"எனக்குப் பொய்யி வாயில வராது அம்மணி. அதுக்குத்தான் உன்னையக் கூட்டீட்டுப் போனன்."

மறுநாள் காலை முதல் வேலையாக அவர் லாரிக்கு அடியில் படுத்து டேங்கின் போல்ட்டைத் திருகினார். நான் பிளாஸ்டிக் டப்பை நகர்த்தி நகர்த்தி, ரோஸ் பஞ்சோடு வடிந்த எண்ணெயைப் பிடித்தேன்.