நிக்காசியோவின் உடுப்பு

எர்மெலிந்தாவுக்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. புருஷன் செத்த ஐந்தாம் நாள் அவன் உடுப்பை ஆற்றில் துவைத்து ஆவியை வழியனுப்பாதவள் என்ன பெண்சாதி என்று பெரு நாட்டின் குஸ்கோ மலையில் வாய் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். செத்திருந்தால்தானே துவைப்பதற்கு என்றாள் அவள். புருஷன் நிக்காசியோ மலைக்குக் கீழே காட்டு ஆற்றில் தங்கம் அரிக்கப் போனவன். படகு கவிழ்ந்துவிட்டது என்று கூடப் போனவன் வந்து சொன்னான். உடல் வரவில்லை.

அவன் உடுப்பை மூட்டை கட்டி, ஊருக்கு மேலே செங்குத்துப் பாறையில் ஆதிகாலத்தார் தங்கள் பிணங்களுக்காகக் குடைந்த பொந்து ஒன்றில் வைத்தாள். அங்கே ஈரம் அண்டாது. அவர்கள் சுற்றிய துணியே இன்னும் மக்காமல் கிடக்கிறதே! வீட்டில் இருந்தால் நாத்தனார் புரூடென்சியா தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடிவிடுவாள் என்ற பயம் வேறு. "பாட்டன்மாரே, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று காணிக்கையாகக் கோக்கா இலை வைத்துவிட்டு இறங்கினாள்.

வருஷங்கள் போயின. ஒருநாள் புரூடென்சியா வந்து நின்றாள்.

"அண்ணி, அண்ணன் கனவுல வந்துச்சு. சொட்டச் சொட்ட நனைஞ்சு வாசல்லயே நிக்குது. உள்ளயும் வரல, போகவும் முடியல. நீதான் புடிச்சு வெச்சிருக்க."

"என் கனவுல வராதவன் உன் கனவுல வந்துட்டானாக்கும்?"

"நீ தூங்குனாத்தான அண்ணி வரும்?"

எர்மெலிந்தா உடைந்துபோனாள். அவன் இல்லை என்பது அவளுக்கு எப்போதோ தெரியும். இத்தனை காலம் அவனைக் குளிரில் நிறுத்தி வைத்த பாவியாகிவிட்டோமே என்று அழுதாள்.

மறுநாள் ஆற்றங்கரையில் சோப்பும் சோளக்கள்ளுமாக உறவு முழுக்கக் காத்திருந்தது. அவள் மட்டும் பாறைக்கு ஏறினாள்.

பொந்து காலி. கல்லறைத் திருடர்கள் வழித்துத் துடைத்திருந்தார்கள். விலைபோகாத எலும்புகளைக் கீழே எறிந்திருந்தார்கள். காசாகும் பழந்துணியோடு பழந்துணியாக அவன் மூட்டையும் போயிருந்தது. நாசமாய்ப் போகிறவர்கள், பிரித்துப் பார்த்து அதையாவது விட்டிருக்கக் கூடாதா? எலும்புகளுக்கு நடுவே மண்டியிட்டுத் தேடினாள். அவன் சட்டைப் பொத்தான் ஒன்றுகூட இல்லை. பாறை விளிம்பில் யாரோ ஆதிகாலத்தவனின் துணிக் கிழிசல் மட்டும் சிக்கியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"அண்ணி, இது அண்ணனோடது இல்லையே."

"தெரியும்டி. சோப்பக் குடு."

தண்ணீரில் முக்கி ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். துணி பொடிப்பொடியாகக் கரைந்து ஆற்றோடு போய்விட்டது. எர்மெலிந்தா நிறுத்தவில்லை. யார் கூப்பிட்டும் எழுந்திருக்காமல், சோப்பு தீரும்வரை வெறுங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.