காஞ்சனாவின் வலது கைக்காகப் போன பயணம்

போன செவ்வாய்க்கிழமை என் தங்கை காஞ்சனாவைச் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவள் கையிலிருந்து எடுத்த சதைத்துண்டின் பரிசோதனை முடிவு அன்றுதான் வரும். வலது கை தங்குமா தங்காதா என்பது அதைப் பொறுத்தது.

அவளுக்கு மாஃபுச்சி சின்ட்ரோம். எலும்புக்குள் குருத்தெலும்புக் கட்டிகள் வளரும். கூடவே ரத்தக் குழாய்களும் கோணலாகித் தோலுக்கடியில் நீலமாகப் புடைக்கும். பரம்பரை நோயில்லை, ஒட்டாது. இதே நோயோடு எங்கள் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்றே எழுதுகிறேன்.

புதுவாயலில் காலை 5.40க்கு ஷேர் ஆட்டோ. கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குத் தலைக்கு இருபது ரூபாய். துப்பட்டாவுக்குள் இருந்த காஞ்சனாவின் கையை டிரைவர் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, சுடுதண்ணி ஊத்திக்கினியா?"

"இல்லண்ணா, சின்ன வயசுல இருந்தே இப்படிதான்."

"அப்ப கம்பிப் பக்கம் குந்தாத. குழில உட்டா இடிச்சிக்கும்."

6.15 ரயில். சென்ட்ரலுக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் பத்து ரூபாய். பெண்கள் பெட்டியில் ஏறுங்கள், கையில் இடி படாது. 7.30க்கு இறங்கி, இட்லி சாப்பிட்டு, எட்டு மணிக்கு ஓ.பி. வரிசையில் நின்றோம். டாக்டர் கூப்பிடும்போது மணி பன்னிரண்டே கால்.

கட்டி ஒன்று புற்றாக மாறிவிட்டது என்றார். மணிக்கட்டோடு எடுக்க வேண்டும். "பழைய எக்ஸ்ரே எதுவுமே இல்லையா? வலி ஆரம்பிச்சப்பவே ஒப்பிட்டுப் பார்த்திருந்தா, ஒரு விரலோட முடிஞ்சிருக்கும்."

மூன்று வருடத்துக்கு முன் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். அலமாரி மேலிருந்த எக்ஸ்ரே உறையை யாராவது பிரித்துவிட்டால் என்ன செய்வது என்று, முந்தின நாள் கொல்லையில் வைத்துக் கொளுத்தியவள் நான். வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். போன வருடம் கை வலித்தபோது எங்கள் ஊர் டாக்டரும் பழைய படம் கேட்டார். இல்லை என்றோம். கட்டி முன்னேயே அந்த அளவில் இருந்திருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

"மழைல நனைஞ்சி போச்சி சார்," என்றாள் காஞ்சனா.

வெளியே வந்ததும், "உனக்குத் தெரியுமாடி?" என்று கேட்டேன்.

"புகை வந்துச்சே. நான் ஊட்லதானே இருந்தேன்." பிறகு, "அங்க சொன்னா எல்லார் எதிர்லயும் உன்னத் திட்டுவாருக்கா," என்றாள்.

பாவி நான். வேறு என்ன சொல்ல?

போகிறவர்கள் பழைய எக்ஸ்ரே அத்தனையும் எடுத்துப் போங்கள். யாருக்காகவும் ஒளிக்காதீர்கள். இருக்கிற கட்டி புதிதாக வலித்தாலோ வளர்ந்தாலோ மாத்திரையோடு நிற்காமல் அந்த வாரமே கிளம்புங்கள். மதியம் 2.40க்குத் திரும்பும் ரயிலில் கூட்டமில்லை.

அடுத்த திங்கள் ஆபரேஷன். காஞ்சனா இப்போதே இடது கையால் சாப்பிடப் பழகுகிறாள். பாதிச் சோறு தட்டுக்கு வெளியே விழுகிறது. ஊட்டிவிடப் போனேன்.

"வேணாம்க்கா," என்றாள். "தினமும் நீயே ஊட்டி உடுவியா?"