கண்ணாடிக்குள் பனித்த கடிகாரம்

என் கணவர் பினாங்கில் கடிகாரம் பழுது பார்ப்பவர். நான் சுங்கை பினாங் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. தாலி கட்டிய கையோடு எனக்கு ஒரு கைக்கடிகாரமும் கட்டிவிட்டவர் அவர். நாடி பார்க்க அதன் விநாடி முள்தான் எனக்குத் துணை. ஆனால் ஓயாமல் கை கழுவுகிற வேலையில் கண்ணாடிக்குள் பனி படர்ந்துவிடும். ஒரு நாள், பிள்ளை பெற்றவளுக்கு உதிரம் நிற்கவில்லை. நாடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் முள்ளே தெரியவில்லை. குத்துமதிப்பாக எண்ணினேன். அவள் பிழைத்துக்கொண்டாள்; நான்தான் ஆடிப்போனேன்.

"இத சரி பண்ணாம இனி யாரு வீட்டுப் படியும் மிதிக்க மாட்டேன்" என்று கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

மனுஷர் உடனே வேலையில் இறங்கினார். ரப்பர் வளையம் வெட்டி மூடியின் விளிம்பில் பதித்தார். தண்ணீர் புகுகிறதா என்று சோதிக்க ஒரு யந்திரமும் கட்டினார். கண்ணாடி ஜாடி நிறையத் தண்ணீர். அதன் மேல் பழைய அலாரக் கடிகாரத்தின் சுருள்வில். சாவி கொடுத்துவிட்டால் ஒரு கம்பி என் கடிகாரத்தைத் தானாகவே முக்கும், சற்று வைத்திருக்கும், தூக்கும், மறுபடி முக்கும். நான் வைத்த குழம்பைக்கூட அவர் அப்படி உற்றுப் பார்த்ததில்லை. ஒரு குமிழிகூட எழவில்லை.

"ஒரு சொட்டு போகல லா. தைரியமா கட்டிக்க."

கட்டிக்கொண்டு போனேன். வெந்நீரில் கையைக் கழுவிப் பச்சைத் தண்ணீரில் அலசியதும் மறுபடி பனி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, அந்த வீட்டில் எல்லாம் சுகமாக முடிந்தது.

மறுநாள் அவர் அதைத் திறந்து துடைப்பதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். கடைசியில் தூசி போகட்டும் என்று குனிந்து, வாயால் ஊதிவிட்டு, டக்கென்று மூடினார். எந்தக் கடிகாரத்துக்கும் அவர் செய்வதுதான். முன்பு மூடி தளர்வாக இருந்தது, ஈரம் வெளியேற வழியும் இருந்தது. இப்போது மூச்சின் ஈரத்தை அவரே உள்ளே வைத்து அடைத்துவிட்டாரே!

"என்னங்க, தண்ணி வெளியிலேர்ந்து வரல. நீங்கதான் ஊதி உள்ள வச்சு மூடுறீங்க."

அவர் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப நேத்து என் மூச்சத்தான் கையில கட்டிக்கிட்டுப் போயிருக்க!"

பிறகு விளக்குச் சூட்டில் உலர்த்தி, தூரிகையால் தூசி தட்டி மூடினார். யந்திரத்தில் வெந்நீருக்கென்று இன்னொரு ஜாடியும் சேர்ந்தது. சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி முக்கியும் பனி வரவில்லை.

அடுத்த பிரசவத்தில் முள் பளிச்சென்று தெரிந்தது. தாயின் நாடியை நிமிஷம் முழுக்கப் பிசகாமல் எண்ணினேன். மனசு நிறைந்துபோனது. ஆனாலும் திரும்பி நடக்கையில், தெளிந்து கிடந்த அந்தக் கண்ணாடியைப் பார்க்கப் பார்க்க, அவரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டதுபோல் இருந்தது.