வாசலைப் பார்த்த ஹோர்ன்

1. பொலிஸ் மறித்த அறிவித்தல்

லண்டனில் வான் வண்டிக்கு மேல் ஹோர்ன் கட்டி, தமிழில் அறிவித்தல் செய்தபடி தெருத்தெருவாகப் போன முதல் ஆள் நான். அதற்காகப் பொலிஸ் மறித்த முதல் ஆளும் நான்தான். இன்றைக்குச் சவுண்ட் தொழில் செய்கிற பிள்ளைகள் லப்டொப்பை விரித்து வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்கிறார்கள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

ஹோர்ன் என்றால் கார் அடிக்கிற ஹோர்ன் அல்ல, குழாய் ஸ்பீக்கர். அதன் பின்பக்கம் திருகிப் பூட்டுகிற உருண்டைக்கு யூனிட் என்று பேர். யூனிட்டுக்குள் இருக்கிற கொயில், அதாவது கம்பிச் சுருள், எரிந்தால் சத்தம் போய்விடும். அந்தக் கொயிலைக் கையால் சுற்றத் தெரிந்த இன்னொரு தமிழன் எண்பதுகளில் லண்டனில் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அப்போது எனக்கு ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை. சனி, ஞாயிறில் கலியாண வீடு, கோயில் என்று மைக் செற் கொண்டுபோவேன். எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடையில், நொச்சியடி ஊரவர் லண்டனில் வைத்திருந்த சங்கம் நடத்திய கால்பந்துப் போட்டிக்கு மைக் என்னிடம் வந்தது. ஊர்களின் பேரை மாற்றியிருக்கிறேன். உண்மைப் பேரைப் போட்டால் இன்றைக்கும் சண்டை வரும்.

சங்கத் தலைவர் சிற்றம்பலத்தார் இன்சூரன்ஸ் கந்தோரில் வேலை செய்தவர். டை கட்டாமல் அவரை நான் கண்டதில்லை.

“ராசு, இந்த ஞாயிறு சனம் நிறைஞ்சால் கோடை முழுக்க எல்லா மச்சுக்கும் மைக் உனக்குத்தான். சனம் வராட்டி அடுத்த மச்சுக்கு வெள்ளைக்காரன்ர செற்றைப் பிடிப்பன். பிறகு குறை சொல்லாத” என்றார்.

நான் என்ன செய்தேன்? நேரே பெற்றோல் ஷெட்டுக்குப் போய் வேலையை விட்டுவிட்டு வந்தேன். மனைவி பரமேஸ் மரக்கறி வெட்டிய அரிவாளைச் சரித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“வேலையை விட்டது சரி. சனம் வராட்டி?”

“வரும்.”

“ஆரைப் பார்க்க? உங்களையோ?”

“யோகன் ஆடுறானடி!”

யோகன் நொச்சியடிப் பெடியன். இடது கால்காரன். கோர்னர் கொடியடியில் பந்தோடு அவன் நின்றால், மறித்து நிற்கிறவன் தப்பான பக்கம்தான் பாய்வான். அவன் ஆடுகிறான் என்றால் இல்ஃபோர்டிலிருந்தும் சனம் வரும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் தோர்ண்டன் ஹீத்திலிருந்தும் சனம் வரும். ஆகவே அந்தப் பேரையே அறிவிப்பது என்று தீர்மானித்தேன். வானுக்கு மேல் ஒரு ஹோர்ன், உள்ளே கார் பற்றரியில் ஓடுகிற சின்ன அம்பிளிஃபயர், பக்கத்தில் பரமேஸ். “அன்பார்ந்த நொச்சியடி வாழ் மக்களே! இல்லை, நொச்சியடியிலிருந்து வந்து லண்டன் வாழ் மக்களே! வருகிற ஞாயிறு உங்கள் யோகன் ஆடுகிறார்!” ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் சனம் கத்தரிக்காயைக் கையில் வைத்தபடி வெளியே வந்து பார்த்தது. ஊரில் இதுதான் வழக்கம். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

நாலாவது தெருவில் பொலிஸ். அவன் கேட்டதில் பாதிதான் எனக்கு விளங்கியது. பரமேஸ்தான் பதில் சொன்னாள். அவன் சிரித்தான், பிறகு சிரிக்காமல் ஏதோ சொல்லிவிட்டுப் போனான்.

“என்னவாம்?”

“இனியும் கத்தினால் ஹோர்னையும் உங்களையும் சேர்த்துக் கொண்டுபோவானாம். உங்கட வாய்க்கு ஒரு சுவிச் வைச்சுப் பிறந்திருக்கக்கூடாதோ?”

ஆனால் பேர் போய்ச் சேர்ந்துவிட்டது. யோகன் ஆடுகிறான் என்று ஊர் முழுக்க என் வாய் சொல்லிவிட்டது.

2. பெண் எடுத்த ஊர்

தொண்ணூறுகளின் நடுவில், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் விரும்பிய கிளப்புக்குச் சும்மா போகலாம் என்று ஐரோப்பாவில் சட்டம் வந்தபோது டிவியில் பெரிதாகப் பேசினார்கள். அமெரிக்காவில் பேஸ்போல் ஆடுகிறவர்களுக்கு அந்தச் சுதந்திரம் அதற்கு முன்னமே கிடைத்ததாம். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஆட்டக்காரருக்கு அது எப்போதோ இருந்தது. எங்கள் போட்டிகளில் ஒருவன் மூன்று ஊருக்கு ஆடலாம்: பிறந்த ஊர், தாயின் ஊர், பெண் எடுத்த ஊர். அதனால் நல்ல ஆட்டக்காரனுக்குக் கலியாணம் பேசும்போது சாதகத்தோடு அவன் போட்ட கோலையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

நான் வானில் ஹோர்ன் கட்டிய அதே வருஷம் மே மாதம்தான் யோகனுக்குக் கலியாணம் நடந்தது. பொம்பிளை கல்லுவளவு. அந்தக் கலியாண வீட்டுக்குச் செற் கட்டியதே நான். “கல்லுவளவைச் சேர்ந்த செல்வி” என்று பொம்பிளையின் ஊரை மைக்கில் மூன்று தரம் சொன்னதும் இதே வாய்தான். மூளைக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை.

புதன்கிழமை பின்னேரம் யோகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். தந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“அண்ணை, கோவிக்கக்கூடாது. ஞாயிறு நான் கல்லுவளவுக்கு ஆடுறன். அவையின்ர போட்டியும் அண்டைக்குத்தான், தோர்ண்டன் ஹீத் பக்கம்.”

“டேய், நான் ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டனடா!”

“மாமி கேட்டவ. மாட்டன் எண்டு சொல்ல ஏலாது அண்ணை. சுதன்ர கவலையில அவ சாப்பிடுறதே இல்லை. இதாலயாவது ஒரு நாள் சிரிப்பா எண்டு…”

மாமி என்றது பொம்பிளையின் தாய். சுதன் யோகனின் மச்சான், பொம்பிளையின் தம்பி. களவாக வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனோடு கொழும்பிலிருந்து வெளிக்கிட்டு எட்டு மாதம். எங்கே நிற்கிறான், இருக்கிறானா இல்லையா என்று ஒரு தகவலும் இல்லை. யோகன் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் காதில் வாங்கவில்லை. எனக்கு முன்னால் வெறும் மைதானமும், வெள்ளைக்காரனுடைய செற்றும், நான் விட்டுவிட்டு வந்த பெற்றோல் ஷெட்டும்தான் தெரிந்தன. அவன் போன பிறகு பரமேஸ்தான் கேட்டாள்: “அந்த மனிசிக்குப் பிள்ளையைக் காணேல்ல எண்டுறான். நீங்கள் மச்சைப் பற்றியே கதைக்கிறியள்?”

சிற்றம்பலத்தாருக்குப் போன் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

“ஒருத்தருக்கும் சொல்லாத. சனம் ரிக்கற் எடுத்து உள்ள வரட்டும். பிறகு யோகனுக்கு அடிபட்டுக் காலில நோ எண்டு அறிவிப்பம்.”

“ஐயா, அது பொய்யெல்லோ?”

“மைக்கில சொன்னால் அது அறிவித்தல்.”



3. சட்டைப்பையில் இருந்த துண்டுகள்

ஞாயிறு காலை கவுன்சில் மைதானத்தில் நாலு ஹோர்ன் கட்டினேன். நாலும் மைதானத்தைப் பார்த்தபடி. என் குரல் வீணாகப் போகக்கூடாது என்பது அப்போதைய என் கணக்கு. ஜெனரேட்டர் ஒரே தரத்தில் பிடித்தது. பிடிக்காமல் விட்டிருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

பதினொரு மணிக்கு ஆட்டக்காரரைத் தவிர நாற்பது பேர் வந்திருப்பார்கள். வந்தவர்களும் என் மேசையடிக்குத்தான் நேரே வந்தார்கள்.

“மைக் அண்ணை, யோகன் எங்க?”

“வருவார், வருவார்.”

“எத்தினையாம் மச்?”

“அறிவிப்பன்.”

சிற்றம்பலத்தார் பின்னால் வந்து காதுக்குள், “இப்ப சொல்லு, காலில நோ எண்டு” என்றார். மைக்கை எடுத்தேன். ஹோர்ன் ஒருதரம் கூவி அடங்கியது. பொய் சொல்லப் பயம். உண்மை சொல்லவும் பயம். சும்மா நிற்கவும் முடியாது. அப்போது கையில் தட்டுப்பட்டவைதான் சட்டைப்பையில் இருந்த துண்டுகள்.

அதென்ன துண்டு என்றால், எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் சனம் சிகரட் பெட்டி மட்டையிலும் பஸ் ரிக்கற்றின் பின்பக்கத்திலும் எழுதிக் கொண்டுவந்து தரும். இன்ன ஊர், இன்னாரின் மகன், இங்கே இருந்தால் மேசையடிக்கு வரவும். ஊரில் நடந்த சண்டையில் திக்குத் திக்காகப் போன சனம். ஒரே நகரத்தில் இருந்துகொண்டே ஒருவரையொருவர் தெரியாது. எனக்கு அந்தத் துண்டுகள் தொல்லை. வர்ணனை பிசகிப்போகும் என்று பையில் போட்டுவிட்டு, ஆட்டத்தின் அரை நேர இடைவேளையில் இரண்டை வாசிப்பேன். மிச்சம் சட்டை தோய்க்கும்போது கரைந்துபோகும்.

அன்றைக்கு யோகனின் பேரைச் சொல்லாமல் நேரம் கடத்துவதற்காக, காலையிலிருந்து சேர்ந்த துண்டுகளை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினேன். இதைப் பெரிய மனசு என்று யாரும் நினைக்கவேண்டாம். ஒளிக்க இடம் தேடினேன், அவ்வளவுதான்.

ஐந்தாவது துண்டுக்கு ஒரு பொம்பிளை மைதானத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடிவந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருத்தி. நடுக் கோட்டில் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கத்துகிறார்கள். றெஃப்ரி விசிலை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றார், ஊதவில்லை. ஆட்டம் நின்றது. ஒருவரும் கோபிக்கவில்லை.

அதற்குப் பிறகு மேசைக்கு முன்னால் வரிசை. வாசலடியில் இருந்த போன் பெட்டிக்கு முன்னாலும் வரிசை. “இஞ்ச பேர் வாசிக்கினம், கெதியா வாங்கோ” என்று உள்ளே நின்று யாரோ கத்துவது எனக்கே கேட்டது. மூன்று மணிக்கு மைதானத்தைச் சுற்றி நிற்க இடமில்லை.

நான் பரமேஸைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன். “பார்த்தியோ? இந்த வாய்க்குத்தான் சனம்.”

“உங்கட வாயைக் கேக்க வரேல்ல. தங்கட பேரைக் கேக்க வந்திருக்குதுகள்” என்றாள்.

4. ஒரு ஹோர்னின் திசை

நாலு மணிக்கு யோகன் வந்தான். கல்லுவளவு ஜேசிச் சட்டையோடு, முழங்கால் வரை சேற்றோடு. மாமியைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தான். பேர் வாசிக்கிறார்கள் என்ற செய்தி தோர்ண்டன் ஹீத் மைதானத்துக்கும் போயிருக்கிறது. முதல் மச் முடிந்த கையோடு அந்த மனிசி, “அங்க கூட்டிக்கொண்டு போ தம்பி” என்றாவாம்.

சிற்றம்பலத்தாரின் முகம் விளக்குப்போல ஆனது. “ராசு! யோகன் வந்திட்டான் எண்டு சொல்லு! ஜேசியை மாத்தி இப்பவே இறக்குவம்!”

யோகன் அவரைப் பார்க்கவில்லை. என்னிடம் ஒரு துண்டை நீட்டினான். “அண்ணை, முதல் இதை வாசியுங்கோ.”

கல்லுவளவு, சுதன், வயது பத்தொன்பது. அறிந்தவர் யாரும் இருந்தால் மேசையடிக்கு வரவும். மாமி மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றா. வாசித்தேன். ஒருவரும் வரவில்லை. இன்னொரு தரம் வாசித்தேன். ஜெனரேட்டர் ஓடுவது மட்டும் கேட்டது. மூன்றாம் தரமும் வாசித்தேன், ஒருவரும் வரவில்லை.

ஹோர்னைத் திருப்பும் யோசனை என்னுடையது என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். பரமேஸ் இதை வாசிப்பாள் என்பதால் உண்மையை எழுதுகிறேன். அவள்தான் வேலிப் பக்கம் கையைக் காட்டினாள்.

“இஞ்சேருங்கோ, அங்க வெளியில நிக்கிறதுகளுக்கு இது கேக்குமோ?”

வாசலுக்கு வெளியே, பஸ் நிற்பாட்டுமிடம் வரைக்கும், ரிக்கற் எடுக்காத சிலர் நின்றார்கள். என் நாலு ஹோர்னும் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. கம்பத்தில் ஏறினேன். திருகாணியைத் தளர்த்தி ஒன்றை வாசல் பக்கம் திருப்பினேன். இறங்கி வந்து நாலாம் தரம் வாசித்தேன்.

வேலிக்கு வெளியே நின்ற ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். கோடை நாளில் குளிர்க்கோட்டுப் போட்ட மெலிந்த பெடியன். வாசல்காரன் மறிக்க, யோகன் ஓடிப்போய் அவனைக் கூட்டிவந்தான்.

“நான் சுதன் இல்லை” என்றுதான் முதலில் சொன்னான். மாமியின் கை மேசையிலிருந்து நழுவியது. “நானும் அவனும் ஏஜென்சிக்காரன் வைச்சிருந்த ஒரே அறையில நாலு மாசம் இருந்தனாங்கள். போடர் தாண்டேக்க அவனைப் பிடிச்சவங்கள். ஜேர்மனியில காம்பில இருக்கிறான். போன கிழமை அங்கயிருந்து வந்த ஒருத்தன் அவனைக் கண்டவன். அக்கா லண்டனில எண்டு தெரியும், அட்ரஸ் துலைஞ்சுபோச்சு எண்டு அழுதவனாம்.”

மாமி கேட்டது ஒன்றே ஒன்று: “சாப்பிடுறானாமோ?”

“சாப்பாடு குடுக்கிறாங்கள் அம்மா. உறைப்பு இல்லையெண்டுதான் குறையாம்.”

அந்த மனிசி சிரித்தா. மச் பார்த்துச் சிரிக்க வைக்கலாம் என்று யோகன் நினைத்த சிரிப்பு, எங்கள் மேசையடியில் வந்தது. உள்ளே வராமல் ஏன் நின்றாய் என்று அந்தப் பெடியனைக் கேட்டேன். “உள்ள எனக்கு ஆரையும் தெரியாது அண்ணை” என்றான்.

சிற்றம்பலத்தார் விடவில்லை. டையை இறுக்கிக்கொண்டு, “இப்பவாவது சொல்லு ராசு” என்றார். யோகன் தலையை ஆட்டினான். அந்தப் பக்கம் பேர் பதிந்து ஆடியாயிற்று, ஒரே நாளில் இரண்டு ஊருக்கு ஆட ஏலாது. நான் மைக்கை எடுத்தேன்.

“யோகன் வந்திருக்கிறார். ஆனால் எங்களுக்கு இன்றைக்கு ஆடமாட்டார். புதன்கிழமையே எனக்குத் தெரியும். சொல்லாமல் இருந்தது என் பிழை.”

மைக்கைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு அடித்த அடி அம்பிளிஃபயரில் போயிருந்தால் யூனிட் எரிந்திருக்கும். ஒருவரும் வெளிக்கிட்டுப் போகவில்லை. கோல் கம்பத்தடியிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது:

“சரி அண்ணை, அடுத்த துண்டை வாசியுங்கோ!”

அந்தக் கோடை முழுக்க மைக் எனக்குத்தான். பெற்றோல் ஷெட்டுக்கு நான் திரும்பிப் போகவில்லை. யோகனைவிடப் பெரிய ஆட்டக்காரர்கள் வந்தார்கள், ஊர் மாறினார்கள், போனார்கள். ஆட்டக்காரனை நம்பி இனி அறிவித்தல் செய்வதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். முதலில் துண்டு, பிறகுதான் ஆட்டக்காரரின் ரீம் லிஸ்ட்.

செற் கட்டுகிற பிள்ளைகளே, உங்களிடம் நாலு ஹோர்ன் இருந்தால் மூன்றை மைதானத்துக்குக் கட்டுங்கள். ஒன்றை வாசலைப் பார்க்கத் திருப்பி விடுங்கள். ஆணியை நன்றாக இறுக்குங்கள். காற்றுக்கு அது திரும்பக்கூடாது.